சாசனத்தில் வாழும் பேச்சு

ஈழம் தந்த வரலாற்று மொழியியலாளர்களுள் முன்வரிசையில் நிற்பவர் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை (1936–2015). பேராதனையிலுள்ள பல்கலைக்கழகத்தில் க. கணபதிப்பிள்ளையிடம் பயின்று, ஒக்ஸ்போர்டிலும் ஆய்வுப் பட்டம் பெற்றார். ஆசிரியர் 7, 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்தார். மாணவர் அவ்வழியைப் பிற்காலச் சாசனங்களுக்கு நீட்டினார். 1966இல் ‘தமிழ் வரலாற்றிலக்கணம்’, 1971இல் ‘சாசனமும் தமிழும்’ வெளிவந்தன. இலங்கைத் தமிழ்ச் சாசனங்களையும் அவர் தொகுத்துப் பதிப்பித்தார்.

இலக்கியம் ‘ஐந்து’ என்று காத்த இடத்தில் கல்வெட்டு ‘அஞ்சு’ என்று பொறிக்கும். இதைப் பிழையென ஒதுக்காமல், அக்காலப் பேச்சின் சான்றாகக் கொள்வதே இம்முறையின் பலம்.

பேராதனையில் வளர்ந்த இந்த ஆய்வுமுறை அவ்வூரைச் சூழ்ந்த ஊர்களின் பேச்சை ஆராயவும் பயன்பட வேண்டும். மாத்தளை வீதியிலுள்ள அக்குறணையில், சிங்களச் சூழலின் நடுவே முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகின்றனர். அப்பேச்சும் தமிழ் வரலாற்றின் ஆவணமே. மூத்தோரின் வழக்கை ஒலிப்பதிவு செய்து, ஒலி, சொல், உருபு என முறையாக ஆராய்வது இன்றைய மொழியியல் மாணவரின் கடமை.