கயிற்றை இழுக்கும் உரிமை

 

ஒரு பணியைத் தலைமையேற்று நடத்துபவரிடம், 'வேலை எவ்வாறு நடைபெறுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'யாதொரு குறையுமில்லை' என்று பெருமிதத்தோடு கூறுவார். அவருக்குக் கீழே உழைப்பவர்களைத் தனியே அழைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். குறைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவ்விரு பதில்களுக்கும் இடையிலுள்ள தூரமே அந்தத் தலைமையின் தரத்தை அளந்து காட்டும் கோல். இதனை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான கார் ஆலை ஒன்று இருந்தது. அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் தீராப் பகை. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. என்ன நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. ஆகவே, குறையுள்ள வண்டிகளும் நில்லாமல் நகர்ந்து கொண்டேயிருந்தன. கண்ணெதிரே பிழையைக் கண்டவனும் வாய்மூடி நின்றான். இறுதியில், 1982-ஆம் ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது.

1984-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 'நம்மி' என்ற பெயரில் அதே ஆலையை மீண்டும் திறந்தன. நடத்தும் பொறுப்பை டொயோட்டா ஏற்றது. வேலைக்குச் சேர்க்கப்பட்டோரில் பெரும்பாலோர் பழைய ஆலையின் தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் அதுவே. அவர்களில் சில நூறு பேர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றுத் திரும்பினர். அவ்வாண்டு டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கிற்று. வேலைக்கு வராதோர் தொகையும் மிகச் சொற்பமாயிற்று.

ஆட்கள் மாறவில்லை. அப்படியாயின், மாறியது எது?

வரிசையின் நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. கடைநிலைத் தொழிலாளியாயினும், குறையொன்றைக் கண்டால் அக்கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் விரைந்து வருவார். 'ஏன் இழுத்தாய்?' என்று அதட்டுவதற்கு வரமாட்டார். 'நான் என்ன உதவி செய்யட்டும்?' என்று கேட்பதற்கே வருவார். குறித்த எல்லையை வண்டி அடைவதற்குள் குறை தீராவிடில் வரிசையே நின்றுவிடும். பிழையை மறைப்பதே பிழைக்கும் வழி என்றிருந்தவர்கள், பிழையை வெளிப்படுத்துவது கடமை எனக் கற்றார்கள்.

இச்சிந்தனை தறியிலிருந்து பிறந்தது என்றால் வியப்பீர்கள். டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சாக்கிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் நெசவுத் தறியை உருவாக்கினார். பழுதான துணியை நெய்துகொண்டே போவதைவிட நின்று சரிசெய்வது மேல் என்பது அதன் தத்துவம். அவர் மகன் கீச்சிரோ தொடங்கிய கார் நிறுவனம் 1937-இல் உருவானபோது, அத்தத்துவமும் உடன் வந்தது.

அந்நிறுவனத்தின் பொறியாளர் தைச்சி ஓனோ மற்றொரு பழக்கத்தையும் வலியுறுத்தினார். கோளாறு நேர்ந்தால் 'யார் செய்தது?' என்று கேளாமல், 'ஏன் நேர்ந்தது?' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். இயந்திரம் ஏன் நின்றது? ஃபியூஸ் போயிற்று. ஏன்? பாரம் மிகுந்தது. ஏன்? எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் புகுந்து பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள். மறுமாதமும் இயந்திரம் நின்றிருக்கும். இவ்வாறு நாள்தோறும் சிறிது சிறிதாகச் சீர்படுத்தி வருவதையே ஜப்பானியர் 'கைஸென்' என்கின்றனர்.

கயிற்றைக் கட்டிவிட்டால் போதுமா? போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் இம்முறையைத் தன் வான் நைஸ் ஆலையிலும் புகுத்த முயன்றது. ஆயினும் பழைய அவநம்பிக்கை அகலவில்லை. 1992-இல் அவ்வாலையும் மூடப்பட்டது. கற்றுக்கொடுத்தவர்களும் சறுக்கியதுண்டு. குறைபாடுகளுக்காகப் பல இலட்சம் கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, டொயோட்டாவின் தலைவர் 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, தங்கள் வளர்ச்சி மிதமிஞ்சிய வேகத்தில் அமைந்துவிட்டதோ என்ற அச்சத்தை வெளியிட்டு, மன்னிப்பும் கோரினார். ஒருமுறை திருந்தியதால் என்றென்றும் திருந்தியவர்களாகிவிட மாட்டோம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மத்ரஸாவில் கூடுதலாக ஓர் அறை கட்டும் பணியின் மேற்பார்வை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ரமலானுக்குள் முடித்தாக வேண்டும் என்று எல்லோரையும் விரட்டினேன். முடித்தும் காட்டினேன், பாராட்டும் பெற்றேன். முதல் மழையில் வாசல் வழியே புகுந்த நீர், வெளியேறாமல் உள்சுவரை நோக்கி ஓடியது. அங்கிருந்த அலமாரியின் கீழ்த்தட்டுக் கிதாபுகள் நனைந்து ஊறிப்போயின.

தண்ணீர் சுமந்து உதவிய மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தளம் போட்ட அன்றே பார்த்தேன், ஹஜ்ரத். தண்ணீர் உள்பக்கமாகத்தான் ஓடியது."

"அன்றே ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"கொத்தனார் சொன்னதற்கே நீங்கள் சத்தம் போட்டீர்கள். எனக்குப் பயமாக இருந்தது."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கொத்தனார் எப்போது சொன்னார் என்பதுகூட என் நினைவில் இல்லை. தளத்தை உடைத்துத் திரும்பப் போட ஆன செலவு, ஏழைகளும் மனமுவந்து அளித்த நன்கொடைப் பணம். அதற்கு நான் பொறுப்பாளி. அந்த அறையில் கயிறு இல்லாமற் போகவில்லை. அதை இழுக்க நினைத்த கைகளை என் கோபமே தடுத்துவிட்டது.

அதன்பின், அஸர் தொழுகை முடிந்ததும் மாணவர்களோடு ஐந்து நிமிடம் அமர்கிறேன். 'இன்று எது சரியாக நடக்கவில்லை?' என்பது ஒன்றே கேள்வி. முதல் சில நாட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சிறுவன், நான் பாடம் சொல்லும் வேகம் அதிகம் என்றான். முகம் சிவந்தது உண்மை. என்றாலும் "ஜஸாக்கல்லாஹ்" என்று அவனுக்குச் சொன்னேன். மறுநாள் இன்னும் மூவர் பேசினார்கள்.

வாசகர்களே! திருமண ஏற்பாடாயினும், ஜமாஅத் பணியாயினும், அன்றாடக் குடும்பப் பொறுப்பாயினும், ஏதேனும் ஒன்றுக்கு நீங்கள் தலைவராகவே இருக்கிறீர்கள். இன்றிரவு உணவுக்குப்பின் வீட்டிலுள்ள ஆகச் சிறியவரிடம் அக்கேள்வியைக் கேளுங்கள். பதில் கசந்தாலும் பொறுமையோடு செவிமடுங்கள். அந்தக் கணத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் நாளை அவர் வாய் திறப்பதும் மூடுவதும்.