போகிக்குப் புகைபோக்கியையும் கொஞ்சம் பாருங்கள்

வெள்ளக்கடையில் இரண்டு நாளாக மூடுபனி. அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீர், ராகிக் களி, கொள்ளு வேக வைப்பது எல்லாம் விறகடுப்பில்தான். மலையில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. காபிச் செடியில் கவாத்து செய்த குச்சியும், சில்வர் ஓக் கிளையும் பக்கத்திலேயே கிடைக்கும்போது சிலிண்டரை மிச்சம் பிடிக்கத்தான் தோன்றும். அதில் தப்பு சொல்ல மாட்டேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் கொத்தனாரை வைத்துப் புகைபோக்கியோடு ஒரு அடுப்பு கட்டினோம். முதல் வருடம் அருமையாக இருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் புகை சமையலறைக்குள்ளேயே திரும்ப ஆரம்பித்தது. வீட்டம்மாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கொத்தனார் ஏமாத்திட்டாரு" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாலில் பேப்பர் படிப்பவனுக்குப் புகையின் கஷ்டம் எங்கே தெரியும்?

கடைசியில் அவரையே கூப்பிட்டேன். கூரையில் ஏறி, குழாய்க்குள் மூங்கில் கழியை விட்டுக் குடைந்தார். சாந்துச் சட்டி நிறையக் கரி வந்தது. "சார், கட்டி மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது தொடைச்சீங்களா?" என்று கேட்டார். காலமெல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன், அன்று பதில் இல்லாமல் நின்றேன்.

அதனால்தான் சொல்கிறேன். அடுப்பு கட்டக் கூலி கொடுக்கிறோம். அதைப் பராமரிக்க நேரமும் கொடுப்பதில்லை, காசும் கொடுப்பதில்லை. அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

நம் நாடே இந்தத் தப்பைச் செய்திருக்கிறது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். 1983-இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் முடிப்பதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் குழாயைச் சுத்தம் செய்யவில்லை, விரிசலைப் பூசவில்லை. பலன் காணாமல் போனது. என் வீட்டுக் கதையேதான்!

இது சின்ன விஷயம் இல்லை. 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சேரும் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

என் அனுபவத்தில் சில யோசனைகள்:

கொத்தனாரைப் பேசும்போது கூலியை மட்டும் கேட்காதீர்கள். அவர் கட்டி இரண்டு வருடமான ஒரு அடுப்பைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் சமைக்கும் பெண்ணிடம் கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

தீ படும் இடத்தில் வெறும் சிமெண்ட் பூச்சு வேண்டாம், சூட்டில் வெடித்துவிடும். செங்கல்லும் செம்மண் சாந்தும் தாங்கும். குழாய் கூரை முகட்டைவிட இரண்டு மூன்று அடி உயரமாக இருக்கட்டும். கரியை எடுக்க அடியில் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுங்கள்.

வருடம் ஒரு முறை வந்து பார்க்க அவருக்கு அரை நாள் கூலி என்று அன்றைக்கே பேசி முடியுங்கள். இனாமாக வரச் சொல்லாதீர்கள்.

மற்றது நம் வேலை. சாம்பலை வாரம் தோறும் அள்ளுங்கள். கழி நுனியில் சாக்கைச் சுற்றி, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை குழாயைத் துடையுங்கள். ஈர விறகுதான் தார் மாதிரிப் பிசினைப் படிய வைக்கிறது. அந்தப் பிசின் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். மழைக்கு முன்பே விறகை அடுக்கிக் காய வையுங்கள்.

இன்னொன்று. குளிருக்காகக் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கொடைக்கானலில் 2024-இல் பார்பிக்யூ அடுப்புக் கரியால் இரண்டு பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அந்த நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

கொத்து வேலை பார்க்கும் என் மாணவர்களே, அடுப்பு கட்டத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே, போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீர்கள். இந்த முறை புகைபோக்கியையும் துடைத்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் "ராத்திரி இருமல் வருதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்க மூன்று வருடம் ஆனது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்