350 சி.சி. என்ற கோடு

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பாதையில் ஒரு புதுவகை மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆள் ஏறி உட்கார்ந்தால் அடுத்து வரும் காரின் கூரைக்கு மேலே தலை தெரிகிற உயரம். முன்சக்கரம் பெரியது. மட்கார்டு பறவையின் அலகு போல் நீண்டிருக்கும். இருபுறமும் பெட்டி மாட்டக் கம்பிகள். 'அட்வென்ச்சர்' வண்டி என்று இதற்குப் பெயர். மலை, காடு, பாதை இல்லாத இடம் என்று எங்கும் போவதற்காகச் செய்யப்பட்டது என்பது கம்பெனிக்காரர்கள் சொல்வது. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய அதே வண்டி, திங்கட்கிழமை காலையில் கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலோ, சாலை பஜாரின் பின்புறச் சந்து ஒன்றிலோ நிற்கும். வாரத்தில் ஆறு நாள் அதன் சாகசமெல்லாம் கிள்ளிப்பாலம் சிக்னலைத் தாண்டுவதுதான்.

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது இந்த வண்டி ஒரு விவாதமாகியிருக்கிறது. தகப்பனார் கடையில் கணக்கு எழுதுகிறவர், அல்லது ஏதாவது ஆபீசில் குமாஸ்தா. நூறு சி.சி. வண்டியில் இருபது வருஷம் ஓட்டியவர். பையனுக்கு நிரந்தர வேலை கிடைத்ததும் முதல் ஆசை இந்த உயரமான வண்டி. "இது எதற்கு, என்ன பிரயோசனம்?" என்று தகப்பனார் கேட்கிறார். "உங்களுக்குத் தெரியாதப்பா" என்கிறான் பையன். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு நியாயம் என்பது தெரியும்.

பையன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இது வெறும் ஆடம்பரம் அல்ல. ஜூன் மாதத்து இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசியில் துலாவர்ஷம் இன்னொரு மழை என்று வருஷத்தில் இரண்டு முறை நனைகிற ஊர் இது. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கு அடியில் இருப்பது தார்ச்சாலையா, குழியா என்பது இறங்கிய பிறகே தெரியும். சாதாரண வண்டியில் சக்கரம் குழியில் விழுந்தால் அதிர்ச்சி முதுகெலும்புக்குப் போகிறது. அட்வென்ச்சர் வண்டியில் ஸ்பிரிங்கும் போர்க்கும் மேலும் கீழுமாக நகரும் தூரம் அதிகம். ராயல் என்பீல்டின் ஹிமாலயன் 450 வண்டியில் அது 200 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட எட்டு அங்குலம். குழியின் ஆழத்தில் பெரும்பகுதியை வண்டியே விழுங்கிக்கொள்கிறது. கைப்பிடி அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால் முதுகு நிமிர்ந்து உட்காரலாம். நாற்பது வயதுக்கு மேல் இடுப்பு வலியோடு ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு ஊர் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். வளைவும் ஈரமுமான அந்த வழியில் இந்த ரக வண்டிக்கு இணை இல்லை.

ஆகவே ரகத்தில் தவறில்லை. எந்த அளவு வண்டி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கடையில் போய் நின்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஹிமாலயன் 450 மேல். 2023 நவம்பரில் வந்தது. 452 சி.சி., 40 குதிரை சக்தி, தண்ணீரால் குளிர்விக்கப்படும் என்ஜின், 17 லிட்டர் டாங்க். சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்படுவது என்பதில் தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புல்லட் மோகம் கேரளத்தில் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே பெயர் டாங்கில் இருப்பதும் ஒரு கவர்ச்சி. அதற்குப் போட்டியாக கே.டி.எம். 390 அட்வென்ச்சர் 2020-ல் வந்து, 2025-ல் 399 சி.சி. என்ஜினோடு புது உருவம் எடுத்தது. இன்னும் இலகுவானது, இன்னும் வேகமானது, விலையும் அதற்கேற்றது. இந்த அளவு வண்டிகளைத்தான் 'நடுத்தரம்' என்கிறார்கள். யாருக்கு நடுத்தரம் என்பது வேறு கேள்வி.

இவற்றுக்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கிறது. சுசுகியின் வி-ஸ்டார்ம் எஸ்.எக்ஸ். 2022-ல் வந்தது, 249 சி.சி. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 210, 2025 ஜனவரியில் வந்தது. 24 குதிரை சக்திக்குச் சற்று மேல். 2025 அக்டோபரில் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்ற வண்டியை 1 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய் அறிமுக விலையில் இறக்கியது, 299 சி.சி., 36 குதிரை சக்தி. டி.வி.எஸ். இந்த ரகத்துக்குப் புதிது அல்ல. பி.எம்.டபிள்யூ. பெயரில் 2018-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜி 310 ஜி.எஸ். வண்டியைச் செய்ததே ஓசூரில்தான். அன்று மூன்றரை லட்சம் கொடுத்து வாங்கியவர்கள் ஜெர்மன் பெயருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவே சர்க்கார் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு 350 சி.சி. 2025 செப்டம்பர் 22-ம் தேதி வரை 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதமும் கூடுதல் தீர்வை 3 சதவிகிதமும் ஆக 31. அதற்கு உட்பட்டதற்கு 28. வித்தியாசம் மூன்றுதான், யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தத் தேதியிலிருந்து சிறியதற்கு 18, பெரியதற்கு 40 என்று ஆகிவிட்டது.

இது பையில் எவ்வளவு கடிக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். வரிக்கு முன் 2,20,000 ரூபாய் விலையுள்ள 450 சி.சி. வண்டி ஒன்று. ஜி.எஸ்.டி. 88,000. கடை விலை 3,08,000. அதன் மேல் கேரளத்து வாகன வரி. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரி. அறுபதாயிரத்துக்கு மேல் போகிறது. வரிக்கும் சேர்த்து வரி என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு இன்ஷூரன்ஸ். புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 350 சி.சி. வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய். இங்கேயும் அதே கோடு! வண்டிக்கே ஆன இன்ஷூரன்சும் ஹெல்மெட்டும் சேர்த்தால் நான்கு லட்சம் வாசற்படியில் வந்து நிற்கும். இதில் ஒன்றரை லட்சம் வரி மட்டும்.

வரிக்கு முன் 1,65,000 ரூபாயாக உள்ள 300 சி.சி.க்குட்பட்ட வண்டிக்கு ஜி.எஸ்.டி. 29,700. விலை 1,94,700. இரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால் மாநில வரியின் விகிதமும் இறங்குகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சத்தைத் தொடாது. ஆக, வித்தியாசம் ஒன்றரை லட்சம். இந்தத் தொகையைப் பத்து சதவிகித வட்டிக்கு ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 3,200 ரூபாய்.

பெட்ரோலையும் விடக் கூடாது. கரமனையிலிருந்து கழக்கூட்டம் போய்த் திரும்ப ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாதம் 25 நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர். ஊர் நெரிசலில் பெரிய வண்டி லிட்டருக்கு 28, சிறியது 38 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் பத்து லிட்டரை ஒட்டி வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி வெகுகாலமாகிறது. தவணையோடு சேர்த்தால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். குமாஸ்தா வீட்டில் இது ஒரு குழந்தையின் படிப்புச் செலவு.

இவ்வளவும் கொடுத்து என்ன கிடைக்கிறது? அதிக குதிரை சக்தி. அது எங்கே பயன்படும்? காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி, மதுரை நால்வழிச் சாலையில், முதுகில் மூட்டையும் பின்னால் ஆளும் வைத்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போது பயன்படும். அங்கே சிறிய என்ஜின் கத்தும், பெரியது அலட்டிக்கொள்ளாது. மாதம் இரண்டு தடவை திருச்சிக்கோ மதுரைக்கோ வண்டியிலேயே போகிறவர் ஹிமாலயனை வாங்கினால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலோர் போவது நாகர்கோவில், மார்த்தாண்டம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டுமாகத் தொடரும் அந்த எழுபது கிலோமீட்டரில் அறுபது வேகத்தை நிலையாகப் பிடித்தவர் யார்? அங்கே 24 குதிரைகளில் பாதி சும்மாதான் நிற்கும்.

எடையும் உயரமும் விலைப் பட்டியலில் கடைசி வரியில் இருப்பவை. வீட்டுக்கு வந்த மறுநாள் அவைதான் முதல் வரி. ஹிமாலயன் 450-ன் எடை 196 கிலோ. ஆர்.டி.எக்ஸ். 180. எக்ஸ்பல்ஸ் 210-ம் வி-ஸ்டார்மும் 168, 167. ஓடும்போது இந்த முப்பது கிலோ தெரியாது. குறுகலான சந்து வீட்டில், படிக்குப் போட்ட சிமெண்டுச் சரிவில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றும்போது தெரியும். சீட் உயரம் இவை எல்லாவற்றிலும் 825-லிருந்து 835 மில்லிமீட்டர். அதாவது முப்பத்திரண்டரை அங்குலமும் அதற்கு மேலும். ஐந்தடி ஐந்தங்குல ஆளுக்கு இரண்டு குதிகாலும் தரையில் படாது. நல்ல சாலையில் கட்டைவிரல் போதும். தம்பானூர் தண்ணீரில், கால் வைக்கும் இடம் குழியா திட்டா என்று தெரியாத நிலையில், 196 கிலோவைக் கட்டைவிரலில் தாங்குவது வேறு விஷயம். உயரம் ஒன்றாகவே இருப்பதால் எடை குறைந்த வண்டி என்பது இங்கே ஒரு பாதுகாப்பாகவே ஆகிவிடுகிறது.

பின்னால் உட்காருகிறவரைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதே இல்லை. ஓட்டுகிறவர் கால் போட்டு ஏறிவிடுவார். சேலை கட்டிய அம்மாவோ மனைவியோ, ஒருபக்கமாகத் திரும்பி, பின்சீட்டில் எப்படி ஏறுவது? பின்சீட் முன்சீட்டைவிட உயரம். கைப்பிடி, கால்வைப்பு, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் மறைக்கும் சாரி கார்டு ஆகிய மூன்றும் மோட்டார் வாகன விதிகளின்படி இருந்தே தீர வேண்டியவை. பெட்டி மாட்டுவதற்காகவோ பார்வைக்காகவோ பையன்கள் முதலில் கழற்றுவது அந்த சாரி கார்டைத்தான்! வாரம் ஒரு முறையாவது ஆற்றுகாலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அம்மாவை அழைத்துப் போக வேண்டிய வீட்டில், முடிவுக்கு முன் அம்மாவைக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்வது நல்லது. பின்னால் இருப்பவருக்கும் கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் ஹெல்மெட் கட்டாயம். அதையும் மாட்டிக்கொண்டே ஏறிப் பார்க்க வேண்டும்.

பங்சர் இன்னொரு சங்கதி. கம்பிச் சக்கரம் காட்டு வழிக்கு உறுதியானது. ஆனால் உள்ளே டியூப் இருந்தால், ஆணி குத்தியதும் சக்கரத்தையே கழற்ற வேண்டும். எக்ஸ்பல்ஸ் அப்படிப்பட்டது, ஹிமாலயன் 450-ம் முதலில் வந்தபோது அப்படித்தான். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பாறசாலையில் இது நேர்ந்தால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் உள்ள வி-ஸ்டார்ம், ஆர்.டி.எக்ஸ். ஆகியவற்றில் திரி செருகிக் காற்றடித்து வீடு வந்துவிடலாம். தினசரி உபயோகத்துக்கு இந்த ஒன்றே அந்த இரண்டையும் ஒரு படி மேலே வைக்கிறது. சாலைக்கே அதிகம் ஓட்டுகிறவருக்கு இவ்விரண்டில் ஒன்று. கல்லும் சேறுமான தோட்டப் பாதையில் வேலைக்குப் போகிறவருக்கு எக்ஸ்பல்ஸ்.

விலையைக் கண்டு மலைத்தவர்கள் கடைசியாக நினைப்பது ஊர்ப் பதிவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவிகிதம். 3,08,000 ரூபாய் வண்டிக்கு 36,960. கேரள வரியோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம். ரேஷன் கார்டு நாகர்கோவிலில்தானே இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வண்டி நிற்கப்போவது திருவனந்தபுரத்தில். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. புதுச்சேரி முகவரியில் பதிந்து கேரளத்தில் ஓடிய உயர்ரகக் கார்கள் மீது 2017-ல் கேரள அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அவர்களுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். டி.என். 74 வண்டியோடு தினமும் ஒரே காமிரா முன்னால் போகிற குமாஸ்தாவுக்கு யார் இருக்கிறார்கள்?

மெய்யாகவே ஊரில் வாங்கி ஓட்டிய வண்டியை இங்கே கொண்டுவருகிறவர்களும், உற்பத்தி நின்றுபோன பழைய ஹிமாலயன் 411-ஐ நாகர்கோவில் பக்கம் இரண்டாம் கையாக வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பழைய வண்டியின் சீட் 800 மில்லிமீட்டர்தான், கால் எட்டும். ஆனால் எடை குறைவில்லை, இன்ஷூரன்சில் கோட்டுக்கு மேலேதான். தனி நபரிடம் வாங்கும்போது ஜி.எஸ்.டி. இல்லை என்பது அதன் லாபம். இவர்கள் முதலில் அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டி, கே.எல். எண் பெற வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுக்கலாம். கேரளப் பதிவு ஆனதற்கான ஆதாரத்தை அந்த மனுவோடு வைக்க வேண்டும் என்பதால், பழைய ரசீதை வண்டிப் பெட்டியில் நனைய விடாமல் வீட்டில் பத்திரப்படுத்துவது அவசியம்.