புகையிலையில் எழுதிய உதவித்தொகை

ஏழைகளுக்கு அரசு கைகொடுப்பது அமெரிக்க மண்ணுக்கு அந்நியமானது, அது 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட் புகுத்திய பழக்கம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆதிக் குடியேறிகள் யாரிடமும் கையேந்தவில்லையாம்; முடியாதவர்களைத் தேவாலயமும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டனவாம். அமெரிக்க அரசியல் மேடைகளில் இது வரலாறாகவே பேசப்படுகிறது. இது பொய். இந்தப் பொய்யைச் சொல்லித்தான் இன்றைய முதியவரின் உதவித்தொகையில் கைவைக்க நியாயம் தேடுகிறார்கள்.

அமெரிக்கா விடுதலை பெறுமுன் ஆங்கிலேயர் வசமிருந்த மேரிலாந்து காலனியின் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். அது வழக்கு மட்டும் கேட்கவில்லை; சாலையும் படகுத்துறையும் வரியும் அதன் பொறுப்பில்தான் இருந்தன. ஆண்டுக்கொரு முறை நீதிபதிகள் கவுண்டியின் செலவைக் கூட்டித் தலைவரியை நிர்ணயிப்பார்கள். ஓநாய்த் தலை கொண்டுவந்தவனுக்குச் சன்மானம் எழுதிய அதே பட்டியலில் ஏழைகளுக்கான தொகையும் இருக்கும். கண் தெரியாதவர், கால் விளங்காதவர், கைக்குழந்தையோடு நிற்கும் கைம்பெண், உழைத்து ஓய்ந்த கிழவர் என்று பலரும் மனுவோடு வந்தார்கள். கப்பல் கூலிக்காகத் தன்னையே சில ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்து வந்து, ஒப்பந்தம் முடிந்தும் சொந்த நிலம் வாய்க்காமல், பிறர் தோட்டத்தில் உடம்பைக் கரைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நீதிபதிகள் மனுவைக் கேட்டு, இவருக்கு இத்தனை ராத்தல் புகையிலை என்று எழுதுவார்கள். அங்கே புகையிலைதான் பணம். மறு ஆண்டும் தேவை என்றால் மறுபடி மனுப் போட வேண்டும். தலைவரி கட்ட வலுவில்லாதவர்கள் விலக்குக் கேட்டும் வந்தார்கள்.

அக்கம்பக்கத்து அன்பு இல்லையா? இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிழவருக்குக் கஞ்சி ஊற்றினார். ஊற்றிய செலவுக்குக் கவுண்டியிடம் கணக்குக் கொடுத்துப் புகையிலையும் வாங்கிக்கொண்டார். அவரும் பெரிய பணக்காரர் இல்லை. வாங்கியதில் தவறே இல்லை. ஆனால் அதைத் தனியார் தருமம் என்று சொல்லாதீர்கள்.

தேவாலயம் என்றதும் வர்ஜீனியாவைக் காட்டுவார்கள். அங்கே ஏழைகளைக் கவனித்தது ஆங்கிலிகன் சபையின் பங்குக்குழுதான். ஆனால் அது உண்டியல் குலுக்கவில்லை, சட்டப்படி வரி போட்டது. அந்தச் சபையைச் சேராத பிரஸ்பிட்டீரியனும் பாப்டிஸ்ட்டும்கூடக் கட்டியே ஆக வேண்டும். கட்டாதவன் பொருள் ஜப்தியாகும். அரசுத் திருச்சபையே இல்லாத ரோட் ஐலண்டும் 1647லேயே ஏழைகளின் பொறுப்பை ஒவ்வொரு ஊர் மீதும் சட்டமாகச் சுமத்தியது. மூலம் எங்கும் ஒன்றுதான்: 1601ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழையர் சட்டம்.

சுயமுயற்சிக்கு எல்லோரும் காட்டும் பெஞ்சமின் பிராங்க்ளினையும் பார்த்துவிடுவோம். 1766இல் ஏழையர் சட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்தான். அவரே 1751இல், ஏழை நோயாளிகளுக்கான பென்சில்வேனியா மருத்துவமனைக்காக, மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்று சட்டமன்றத்தை இசைய வைத்தார்.

அந்தக் காலம் கருணை பொங்கிய காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பென்சில்வேனியாவில் உதவி வாங்கியவர்கள் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் பெரிய எழுத்தைத் தைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று 1718இல் சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து, ஆண் என்றால் 21 வயது வரை, பெண் என்றால் பெரும்பாலும் 18 வயது வரை பிறர் வீட்டு வேலைக்கு எழுதிக்கொடுத்தார்கள். வெள்ளைப் பெண்ணுக்கும் கறுப்பின ஆணுக்கும் மணவுறவின்றிப் பிறந்த குழந்தைக்கு வர்ஜீனியாவின் 1705ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது 31 வயது வரை ஊழியம். பாஸ்டனில் 1765 முதல் 1774 வரை ராபர்ட் லவ் என்பவர் சம்பளத்துக்குத் தெருத்தெருவாக நடந்து, புதிதாக வந்தவர்களிடம் ‘இது உன் ஊரில்லை, போய்விடு’ என்று அறிவித்துக் குறித்துக்கொண்டார். நாளை அவர்கள் நலிந்தால் ஊர் வரிப்பணத்தில் பங்கு கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

மேரிலாந்தின் தலைவரியில் இன்னொரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. வெள்ளைப் பெண்களுக்கு வரி இல்லை; அடிமைப் பெண்களுக்கு உண்டு. கட்டியது எஜமான், புகையிலையை விளைவித்தது அந்தப் பெண்கள். கிழவருக்கு எழுதிய உதவித்தொகையில் அவர்களின் வியர்வையும் இருந்தது. அவர்களே முதுமையில் மனுவோடு அந்த நீதிமன்றப் படியேற வழி இல்லை.

அந்தக் கவுண்டி நீதிமன்றப் பதிவுகளில் பலவற்றை மேரிலாந்து ஆவணத் தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். முன்னோர் பெயரால் முதியோர் உதவியை வெட்டச் சொல்கிறவர்கள், முதலில் அந்த முன்னோர் ஆண்டுதோறும் எழுதிய வரிப்பட்டியலைப் படித்துவிட்டு வரட்டும்.