முளைக்கீரைக்கு எதுக்குங்க பங்களா?

தில்லியில டிசம்பர் வந்தா நம்மாளுங்க பாடற பாட்டு ஒண்ணுதான்: "இங்க நம்ம ஊர்க் கீரையே கெடைக்காதுங்க." இதுக்கு மருந்துன்னு இரும்புக் குழாயும் ஜிப் வச்ச உறையுமா ரெடிமேட் க்ரீன்ஹவுஸ் விக்கறாங்க, ஆயிரக்கணக்குல விலை போட்டு. வாங்காதீங்க.

பாலக், மேத்தி, கடுகுக்கீரை எல்லாத்துக்கும் குளிர்தான் சீசனே. திறந்த தொட்டியில அதுபாட்டுக்கு வரும். அதுக்குக் கூடாரம் போடறது மீனுக்குக் குடை பிடிக்கற வேலை.

கூடாரம் கேக்கறது முளைக்கீரையும் அரைக்கீரையும்தான். (கோடையில சப்ஜிக்காரர் 'சௌலாய்'னு கூவிக்கிட்டு வர்ற அதே குடும்பம்.) ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரிக்குப் போனா விதை அசையாது. ஆனா அந்த விலையுயர்ந்த கூடாரமும் ஒத்தைத் தாள்தானே? ராத்திரி உள்ளயும் வெளியயும் பெருசா வித்தியாசம் இருக்காது.

நாலு மூங்கில் பத்தையை வளைச்சுத் தொட்டி மேல குத்துங்க. கனமான பாலிதீன் தாளைப் போர்த்தி ஓரத்துல செங்கல் வைங்க. உள்ள பழைய பாட்டில்கள்ல தண்ணி நிரப்பி வச்சா பகல் சூட்டைப் பிடிச்சு வச்சு ராத்திரி மெதுவா விடும். இருட்டினதும் மேல ஒரு கோணிச்சாக்கு. வெயில் ஏறினதும் ஒரு பக்கம் தூக்கி விடணும், இல்லேன்னா செடியிலயே கீரை வெந்துடும். விதைப்பை நவம்பர் நடுவுக்குள்ள முடிச்சிடுங்க.

மூடுபனி வாரங்கள்ல மட்டும் எந்தக் கூடாரத்தோட பப்பும் வேகாது. அப்போ மேத்தியிலயே மசியல் பண்ணுங்க, கசப்புக்குப் பாசிப்பருப்பை ஒரு பிடி கூடப் போட்டு.