கார் திருட்டு தேசக் குற்றம். கொலை ஊர்க் குற்றமா?

ஒரு குற்றம் எப்போது ஊரோடு முடிகிற குற்றம்? எப்போது தேசமே தட்டிக் கேட்க வேண்டிய குற்றம்? இது வக்கீல்களுக்கு உரிய கேள்வி என்று உழைப்பாளி மக்கள் ஒதுக்கிவிடக் கூடாது. குடிசைக்குத் தீ வைத்தவன் மீது யார் வழக்குத் தொடுப்பது, எந்தப் போலீஸ் விசாரிப்பது என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. குற்றவாளி ஜெயிலுக்குப் போவானா, மீசையை முறுக்கிக்கொண்டு வீடு திரும்புவானா என்பதும் பல சமயங்களில் இதிலேயே முடிவாகிவிடுகிறது.

குற்றம் பெரிதாக இருந்தால் தேசக் குற்றம், சிறிதாக இருந்தால் ஊர்க் குற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல என்பதற்கு அமெரிக்காவின் சரித்திரமே சாட்சி.

ஒரே மனிதர், இரண்டு மசோதா

அமெரிக்கா பல ராஜ்யங்கள் சேர்ந்த நாடு. கொலை, கொள்ளைகளை விசாரித்துத் தண்டிப்பது அந்தந்த ராஜ்யத்தின் வேலை. அரசியல் சட்டம் தனக்குக் கொடுத்துள்ள அதிகாரத்துக்குள் விஷயம் வந்தால்தான் மத்திய சர்க்கார் தலையிட முடியும். அந்த அதிகாரங்களில் முக்கியமான ஒன்று, ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்தை ஒழுங்கு செய்வது.

மிசௌரி ராஜ்யத்திலிருந்து பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லியோனிதாஸ் டயர். அவர் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். திருடிய மோட்டார் காரை ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு ஓட்டிச் சென்றால் அது மத்திய சர்க்கார் தண்டிக்க வேண்டிய குற்றம் என்றது ஒரு மசோதா. அது 1919ல் சட்டமாகிவிட்டது.

மற்றொரு மசோதா மனித உயிரைப் பற்றியது. தெற்கு ராஜ்யங்களில் வெள்ளை வெறிக் கும்பல்கள் கறுப்பு மக்களைப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டன, உயிரோடு கொளுத்தின. டஸ்கேகி கல்வி நிலையம் திரட்டிய கணக்கின்படி 1882 முதல் 1968 வரை இவ்விதம் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பு மக்கள். இதை மத்தியக் குற்றமாக்க வேண்டும், கும்பலைத் தடுக்கத் தவறிய அதிகாரிகளையும் தண்டிக்க வேண்டும் என்று 1918ல் டயர் மசோதா கொண்டுவந்தார். பிரதிநிதி சபை 1922 ஜனவரியில் அதை நிறைவேற்றியது. செனட் சபையில் தெற்கத்திய அங்கத்தினர்கள் வோட்டெடுப்புக்கே விடாமல் இழுத்தடித்து அதைச் சாகடித்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணம் என்ன? கொலை ஊர் விவகாரமாம்! ராஜ்யத்தின் உரிமையில் மத்திய சர்க்கார் கை வைக்கக் கூடாதாம்! கார் எல்லை தாண்டினால் தேசத்துக்கு நஷ்டம். கறுப்புத் தொழிலாளியின் பிணமோ எல்லை தாண்டாமல் அதே மரத்தில் தொங்குகிறது, ஆகவே தேசத்துக்குச் சம்பந்தமில்லை. இதுதான் அந்தக் கனவான்கள் கண்ட நியாயம்!

ஒரு குழந்தையும் ஒரு சிறுவனும்

1932 மார்ச் 1ம் தேதி பிரபல விமானி லிண்ட்பர்க்கின் பச்சைக் குழந்தையை நியூஜெர்சியில் தூக்கிச் சென்றார்கள். மே மாதம் பிணம் கிடைத்தது. ஆளைக் கடத்தி ராஜ்ய எல்லை தாண்டினால் மத்தியக் குற்றம் என்ற சட்டம் ஜூன் மாதமே வந்துவிட்டது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் தகப்பனின் துயரம் பெரிது. அந்தச் சட்டமும் தேவையானதுதான். நாம் கேட்பது இது: மனம் இருந்தால் நாலு மாதத்தில் முடிகிற காரியம், ஆயிரக்கணக்கான தாய்மார் அழுதும் ஏன் முடியவில்லை?

சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்புச் சிறுவன் எம்மெட் டில். 1955 ஆகஸ்டில் மிஸிஸிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் அவனை வீடு புகுந்து தூக்கிச் சென்று கொன்றார்கள். எல்லோரும் வெள்ளையர்களாக இருந்த ஜூரி, சுமார் ஒரு மணி நேரத்தில் கொலைகாரர் இருவரையும் விடுதலை செய்தது. சில மாதங்களில் அந்த இருவருமே ஒரு பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று சொன்னார்கள். அப்போதும் மத்திய சர்க்கார் வழக்குத் தொடுக்கவில்லை.

ஜனாதிபதி கென்னடி 1963ல் டல்லாஸில் சுடப்பட்டபோது, ஜனாதிபதியைக் கொல்வதுகூடச் சட்டப்படி டெக்ஸாஸ் ராஜ்யக் குற்றமாகத்தான் இருந்தது. அதை மத்தியக் குற்றமாக்க இரண்டே வருஷம் பிடித்தது. 1965ல் சட்டம் வந்தது. கும்பல் கொலையை மத்தியக் குற்றமாக்கும் சட்டம் எம்மெட் டில்லின் பெயரால் 2022 மார்ச்சில்தான் வந்தது. டயரின் மசோதா பிரதிநிதி சபையில் நிறைவேறி நூறு வருஷம் கழித்து!

காவலனே கூட்டாளியானால்?

அப்படியானால் சரியான அளவுகோல் எது? அதையும் மிஸிஸிப்பியே காட்டிக் கொடுத்தது. 1964 ஜூன் 21ம் தேதி, கறுப்பு மக்களின் வோட்டுரிமைக்காக வேலை செய்த மூன்று வாலிபர்களை அந்தப் பகுதியின் உதவி ஷெரீப் பிடித்து லாக்கப்பில் போட்டார். இரவில் வெளியே விட்டார். பின்தொடர்ந்து மடக்கிக் கொலைக் கும்பலிடம் ஒப்படைத்தார். மூவரின் பிணங்களும் ஒரு மண் அணைக்கு அடியில் கிடைத்தன. ராஜ்ய சர்க்கார் கொலை வழக்குப் போடவில்லை. எப்படிப் போடும்? வழக்குப் பதிய வேண்டியவனே கொலையில் கூட்டாளி!

கடைசியில் மத்திய சர்க்கார் 1870ம் வருஷத்துப் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, பிரஜைகளின் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று 18 பேர் மீது வழக்குத் தொடுத்தது. 1967ல் ஏழு பேர் தண்டனை பெற்றார்கள், உதவி ஷெரீப் உட்பட. அதிகபட்சத் தண்டனை பத்து வருஷம்தான். குறைந்த தண்டனையே என்றாலும், ஊர் அதிகாரம் மறைத்த குற்றத்தை வெளி அதிகாரம் வந்துதான் தண்டித்தது.

ஆகவே எல்லை தாண்டியதா, எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் அளவுகோல் அல்ல. நீதி வழங்க வேண்டிய உள்ளூர் அதிகாரம் குற்றவாளியின் சட்டைப் பைக்குள் இருக்கும்போது, அந்தக் குற்றம் ஊர்க் குற்றமாக இருக்க முடியாது. பிரஜைக்குத் தேசம் கொடுத்த வாக்குறுதியே அங்கு கொலை செய்யப்படுகிறது.

நம் நாட்டுப் பட்டியல்

நம் நாட்டிலும் போலீசும் சட்டம் ஒழுங்கும் மாநிலத்தின் பொறுப்பு. 1968 டிசம்பர் 25ம் தேதி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இத்தகைய கொடுமைகளுக்கென்று பார்லிமெண்ட் தனிச் சட்டம் செய்தது 1989ல். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரியையும் தண்டிக்கலாம் என்று அதன் நாலாவது பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அதை அமல் நடத்த வேண்டியது யார்? அதே போலீஸ் நிலையம்தான்!

பம்பாய்த் தாக்குதலுக்குப் பின் 2008ல் தேசிய புலனாய்வு முகமை அமைக்கப்பட்டது. அது விசாரிக்க வேண்டிய சட்டங்களின் பட்டியல் ஒன்று உண்டு. கள்ள நோட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1989ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை!

மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டாலே நீதி கிடைத்துவிடும் என்றும் மயங்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பீமா கோரேகான் வழக்கை மறுபரிசீலனை செய்யப் புதிய மாநில சர்க்கார் முனைந்தது. உடனே, 2020 ஜனவரியில், மத்திய சர்க்கார் வழக்கைத் தன் முகமையிடம் மாற்றியது. அவ்வழக்கில் கைதான ஸ்டான் சுவாமி என்ற பாதிரியார், திருச்சி ஜில்லாவில் பிறந்தவர், ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலையில் 84வது வயதில் காலமானார். தேசக் குற்றம் என்ற முத்திரை ஏழையைக் காக்கவும் உதவும், ஏழைக்காகப் பேசுகிறவனை அடைக்கவும் உதவும்.

எனவே அந்த முத்திரையை யார் கையில், எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதில் நமக்குக் கண் இருக்க வேண்டும். சேரி எரிந்து உள்ளூர்ப் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டால், அந்தப் போலீஸிடமிருந்து விசாரணையைப் பிடுங்கு! கடமை தவறிய அதிகாரி மீது நாலாவது பிரிவைப் பாய்ச்சு! இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் பேசுவோம். டயரின் மசோதாவைச் செனட் சபை சாகடித்தது. நூறு வருஷம் விடாமல் கேட்ட மக்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தார்கள்.