ஊருக்கே ஜனவரி 1 பிறந்தநாளா? காலியான தேதிக்குள் என்ன இருக்கிறது?

உத்தராகண்டின் ஹரித்வார் அருகே உள்ள கைண்டிகாட்டா கிராமம் 2017-ல் செய்திகளில் அடிபட்டது. அங்கே நூற்றுக்கணக்கானோரின் ஆதாரில் ஒரே பிறந்தநாள்: ஜனவரி 1.

இது எப்படி நடக்குது?

பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பதிவு மையத்தில் வயதை மட்டும் சொல்வார்கள். மென்பொருள் அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, முன்னால் ஜனவரி 1-ஐப் போட்டுவிடும். தெரியாத தேதி, தெரிந்த தேதி மாதிரியே பதிவாகிவிடும்.

அதனால என்ன?

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியம் 60 வயதில் தொடங்குகிறது. குத்துமதிப்பாகச் சொன்ன வயது 2 வருஷம் குறைவாகப் பதிவானால், 2 வருஷப் பணம் போச்சு. ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று ஆதார் ஆணையம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2024 ஜனவரியில் பி.எஃப். அமைப்பும் பிறந்த தேதிக்கான சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது.

நீங்க டேட்டா வேலையில் இருந்தால்?

முதலில் ஜனவரி 1-ஐ எண்ணிப் பாருங்க. சுமார் 365 பேரில் ஒருவருக்குத்தான் அது வரணும். பத்தில் ஒருவருக்கு வந்தால், அதில் பெரும்பாலானவை பிறந்தநாள் இல்லை, நிரப்பப்பட்ட காலி இடம். 1970 ஜனவரி 1 வந்தாலும் சந்தேகப்படுங்க. பல கணினி அமைப்புகள் பூஜ்ஜியத்தை அந்தத் தேதியாகவே காட்டும்.

சராசரித் தேதி போட்டும் நிரப்பாதீங்க. ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே 'சான்று உண்டு', 'ஆண்டு மட்டும்', 'மதிப்பீடு' என்று தனியாகக் குறித்து வையுங்க.

காலியாக இருக்கும் வரிகளை நீக்கிடலாமா?

அவசரப்படாதீங்க. பி.எஃப். பதிவில் 'வேலையை விட்ட தேதி' காலி என்றால், அவர் இன்னும் வேலையில் இருக்கலாம். பழைய நிறுவனம் நிரப்பாமல் விட்டிருக்கலாம். அந்த வரிகளை நீக்கிவிட்டு 'ஆட்கள் எத்தனை மாசத்தில் வேலையை விடுறாங்க' என்று மாடல் போட்டால், நிலைத்து நிற்பவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். இன்னும் வேலையில் இருப்பவரை 'இதுவரை இத்தனை மாசம்' என்று எண்ணுவதுதான் சரி.

உங்க பி.எஃப். கணக்கையும் ஒருமுறை பாருங்க. பழைய வேலையை விட்ட தேதி காலியாக இருந்தால், பணத்தை மாற்றுவதில் சிக்கல் வரும். கடைசிச் சந்தா செலுத்தி 2 மாதம் ஆனபின், 2020 முதல் அதை நீங்களே ஆன்லைனில் பதியலாம்.